ஐந்து மணி நேர சைக்கிள் பந்தயத்தில் பார்க்க என்னதான் இருக்கிறது?

கேள்வி இது: "ஜூலை பிறந்தால் என் மகன் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். நூற்றைம்பது பேர் கூட்டமாகப் போகிறார்கள். நான்கைந்து மணி நேரம் ஒன்றுமே நடப்பதில்லை. கடைசிப் பத்து நிமிடத்தில் யாரோ ஒருவர் ஜெயிக்கிறார். இதில் ரசிக்க என்ன இருக்கிறது? உலகத்திலேயே கடினமான விளையாட்டு என்று வேறு சொல்கிறான். சைக்கிள் மிதிப்பது அவ்வளவு பெரிய காரியமா?"

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். மனித உடம்பிடம் இருக்கும் சக்திக்கு ஓர் அளவு உண்டு. அதை எந்த இடத்தில், யாருக்காக, எவ்வளவு செலவழிப்பது என்பதுதான் சாலை சைக்கிள் பந்தயம். ஒன்றும் நடக்காததுபோல் தெரியும் அந்த நான்கு மணி நேரமும் அந்தச் செலவு நடந்துகொண்டே இருக்கிறது. கடைசிப் பத்து நிமிடத்தில் நாம் பார்ப்பது மிச்சம் யாரிடம் இருக்கிறது என்பதைத்தான். செலவு கண்ணில் படத் தொடங்கிவிட்டால் டிவி முன்னாலிருந்து எழுந்துபோவது கஷ்டம்.

காற்றிலிருந்து தொடங்க வேண்டும். சமவெளிச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் கொடுக்கும் சக்தியில் பெரும்பகுதி, ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல், காற்றை விலக்குவதற்கே போய்விடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால், காற்றை எதிர்க்கத் தேவையான சக்தி எட்டு மடங்காகிறது. அதனால்தான் தனியாக ஒருவர் 45 கிலோமீட்டர் வேகத்தில் போவது சித்திரவதை. ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு அதே வேகத்தில் போவது கிட்டத்தட்ட ஓய்வு. முன்சக்கரத்துக்கும் அடுத்தவரின் பின்சக்கரத்துக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்தால் மூன்றில் ஒரு பங்கு சக்தி மிச்சமாகும். பெலோட்டான் என்று சொல்லப்படும் அந்தப் பெரிய கூட்டத்தின் நடுவே போனால் இன்னும் அதிகம். பெர்ட் ப்ளாக்கன் என்ற பெல்ஜியப் பொறியியல் ஆய்வாளரின் குழு 121 பேர் கொண்ட பெலோட்டானைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவு துறையில் இருப்பவர்களையே வியக்க வைத்தது: கூட்டத்தின் நடு, பின்பகுதியில் சில இடங்களில் காற்றின் எதிர்ப்பு, தனியாகப் போகிறவர் சந்திப்பதில் வெறும் 5 முதல் 10 சதவீதம்தான்.

இந்த விளையாட்டின் அரசியல் முழுவதும் இதிலிருந்துதான் பிறக்கிறது. முன்னால் போகிறவர் எல்லோருக்காகவும் உழைக்கிறார். பின்னால் இருப்பவர் அவர் உழைப்பில் சேமிக்கிறார். எதிரியின் முதுகுதான் இருப்பதிலேயே நல்ல அடைக்கலம். காலையிலேயே கூட்டத்தை விட்டு ஓடிப்போகும் நான்கைந்து பேர் வெவ்வேறு அணிக்காரர்கள். ஒருவரையொருவர் தோற்கடிக்கத்தான் வந்திருக்கிறார்கள். ஆனாலும் நூற்றைம்பது கிலோமீட்டர் தூரத்துக்கு முறை வைத்து ஒருவர் மாற்றி ஒருவர் முன்னால் வந்து காற்றை வாங்கிக்கொள்கிறார்கள். இல்லாவிட்டால் எல்லோரும் பிடிபடுவார்கள். கடைசி ஐந்து கிலோமீட்டரில் அந்த ஒப்பந்தம் உடைகிறது. யார் முதலில் ஏமாற்றுவார், யார் தன் முறையில் அரை மனதோடு மிதிக்கிறார் என்று எல்லோரும் எல்லோரையும் ஓரக்கண்ணால் பார்க்கிறார்கள்.

பின்னால் வரும் பெலோட்டானும் ஒரு கணக்கோடுதான் வருகிறது. தப்பித்தவர்களுக்குப் பத்து கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் என்ற அளவில் முன்னிலை இருந்தால்தான் பிழைப்பார்கள் என்பது பிரெஞ்சு வர்ணனையாளர் ரோபேர் ஷபாத் சொல்லிவைத்த பழைய விதி. இருபது கிலோமீட்டர் பாக்கி, முன்னிலை ஒன்றரை நிமிடம் என்றால் பெரும்பாலும் பிடித்துவிடுவார்கள். பெரும்பாலும்தான். திரையின் மூலையில் அந்த விநாடிகள் குறைந்துகொண்டே வருவதைப் பார்ப்பதில் இருக்கும் பதற்றம் கிரிக்கெட்டின் கடைசி ஓவருக்குச் சற்றும் குறைந்ததில்லை. நாள் முழுவதும் காற்றில் நின்று போராடியவரைக் கோட்டுக்கு நூறு மீட்டர் முன்னால் கூட்டம் விழுங்கும்போது எனக்கு இன்றும் மனம் கசந்துபோகிறது.

பக்கவாட்டுக் காற்று அடித்தால் கதையே வேறு. அப்போது அடைக்கலம் நேர் பின்னால் இல்லை, சாய்வாகப் பின்னால் இருக்கிறது. சாலையின் அகலத்துக்குள் பத்துப் பதினைந்து பேர்தான் அப்படிச் சாய்வாக வரிசை கட்ட முடியும். பதினாறாவது ஆள் ஓரத்தில் தனியாகக் காற்றில் நிற்க வேண்டியதுதான். டூரில் ஒவ்வொரு நாள் ஓட்டமும் ஒரு கட்டம்; எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டிப் பார்த்து முன்னிலையில் இருப்பவர் மஞ்சள் ஜெர்சி அணிவார். 2013 டூரின் 13-ஆம் கட்டம் மலையே இல்லாத சமதளப் பாதை. அன்று காற்று வீச, ஸ்பெயின் வீரர் ஆல்பெர்ட்டோ கோன்டடோரின் அணி சட்டென்று வேகத்தைக் கூட்டிப் பெலோட்டானைத் துண்டாக்கியது. மஞ்சள் ஜெர்சி அணிந்திருந்த கிறிஸ் ஃப்ரூம் சில மீட்டர் இடைவெளியில் முன்வரிசையைத் தவறவிட்டார். அந்தச் சில மீட்டர்தான் முடிவுக்கோட்டில் 1 நிமிடம் 9 விநாடி ஆனது.

காற்றின் கையில் ஒரு டூரே மாறியதற்கு 1989-ஐவிட நல்ல உதாரணம் இல்லை. மூன்று வாரம், மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் முடிந்து, கடைசி நாளில் வெர்சாய் நகரிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர் டைம் டிரையல், அதாவது ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கடிகாரத்தோடு ஓட வேண்டிய ஓட்டம். பிரான்ஸின் லாரான் ஃபினியோன் 50 விநாடி முன்னிலையில் இருந்தார். அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் இரண்டே ஆண்டுக்கு முன் வேட்டையில் தவறுதலாகச் சுடப்பட்டு, உடம்பில் இன்னும் ஈயக் குண்டுகளோடு ஓடிக்கொண்டிருந்தவர். அவர் கைகளை முன்னால் நீட்டி, முழங்கைகளை ஒடுக்கி வைத்துக்கொள்ளும் புது வகைக் கைப்பிடியும், பின்னால் கூராக நீண்ட தலைக்கவசமும் அணிந்து வந்தார். ஃபினியோன் தலைக்கவசம் இல்லாமல், குதிரைவால் கூந்தல் காற்றில் பறக்க, பழைய கைப்பிடியோடு ஓடினார். போதாததற்கு, சீட்டில் உட்காரவே முடியாதபடி தொடையிடுக்கில் புண். லெமாண்ட் மணிக்கு 54 கிலோமீட்டருக்கும் மேலான சராசரியில் பறந்து 58 விநாடி எடுத்தார். மொத்தத்தில் 8 விநாடியில் டூர் கைமாறியது. ஆடவர் டூரின் வரலாற்றில் இதுவே இன்றுவரை மிகச் சிறிய இடைவெளி.

மலை ஏறத் தொடங்கியதும் காற்று பின்னுக்குப் போய்விடுகிறது. வேகம் 20 கிலோமீட்டராகக் குறைந்துவிடுவதால் ஒளிந்துகொள்ள முதுகு தேட வேண்டியதில்லை. இப்போது எதிரி எடைதான். அதனால் மலையில் வீரர்களை வெறும் வாட் கணக்கில் அளப்பதில்லை, உடல் எடையின் ஒரு கிலோவுக்கு எத்தனை வாட் என்று அளக்கிறார்கள். டூரை வெல்லும் தகுதியுள்ளவர் அரை மணி நேரத்துக்கு மேல் நீளும் ஏற்றத்தில் கிலோவுக்கு ஆறு வாட்டுக்குக் குறையாமல் கொடுக்கிறார். 60 கிலோ எடையுள்ளவருக்கு 360 வாட். பயிற்சி இல்லாத ஆரோக்கியமான ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு 150 வாட் கொடுப்பதே பெரும்பாடு. அதுவும் இந்த 360 வாட் காலையில் புத்துணர்ச்சியோடு கொடுப்பதல்ல; நான்கு மணி நேரம் மிதித்த பிறகு, இரண்டு மலைகளை ஏற்கெனவே ஏறி இறங்கிய பிறகு கொடுப்பது. ஆய்வகத்தில் இருவரும் ஒரே எண்ணைக் காட்டலாம். 4,000 கலோரி எரிந்து முடிந்த பிறகு யாரால் அதே எண்ணைக் காட்ட முடிகிறது என்பதில்தான் நல்ல வீரரும் சாம்பியனும் பிரிகிறார்கள்.

இதை 2022 ஜூலை 13 அன்று உலகமே பார்த்தது. முந்தைய இரண்டு டூர்களை வென்ற ஸ்லோவேனியர் தடேய் போகச்சார் மஞ்சள் ஜெர்சியில் இருந்தார். டென்மார்க்கின் யோனாஸ் விங்கெகோர் 39 விநாடி பின்தங்கியிருந்தார். அன்றைய பாதை கலீபியே கணவாயைத் தாண்டி கிரானோன் மலையுச்சியில் முடிகிறது. கலீபியே 2,642 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637. அதாவது ஊட்டியின் தலைக்குமேல் உள்ள உயரத்துக்கு ஏறி, இறங்கி, அதற்குப் பிறகு 2,413 மீட்டர் உயரமுள்ள இன்னொரு மலை. அந்தக் கடைசி ஏற்றம் 11 கிலோமீட்டர், சராசரிச் சரிவு 9 சதவீதத்துக்கும் மேல்.

விங்கெகோரின் அணி கலீபியேவின் அடிவாரத்திலிருந்தே ஒரு வேலையைத் தொடங்கியது. பிரிமோஷ் ரோக்லிச் பாய்வார். போகச்சார் விரட்டிப் பிடிப்பார். மூச்சு வாங்குவதற்குள் விங்கெகோர் பாய்வார், அவரையும் பிடிப்பார். மறுபடி ரோக்லிச். இப்படி மாறி மாறி. போகச்சார் ஒவ்வொன்றுக்கும் பதில் கொடுத்தார். கேமராவைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். பார்த்தவர்கள் இவரை அசைக்க முடியாது என்றுதான் நினைத்தார்கள். ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் கிடங்கிலிருந்து கொஞ்சம் போய்க்கொண்டிருந்தது. கிரானோனில் உச்சிக்கு ஐந்து கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்தபோது விங்கெகோர் மறுபடி பாய்ந்தார். இம்முறை போகச்சார் சீட்டிலிருந்து எழவில்லை. ஜெர்சியின் ஜிப் முழுவதும் திறந்திருக்க, தோள்கள் ஆட, பின்னால் வந்தவர்களெல்லாம் அவரைக் கடந்து போனார்கள். ஐந்து கிலோமீட்டருக்குள் 2 நிமிடம் 51 விநாடி போய்விட்டது. அந்த டூரை விங்கெகோர் 2 நிமிடம் 43 விநாடியில் வென்றார்.

அந்த ரோக்லிச்சைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. ஒரு வாரத்துக்கு முன்புவரை அவரும் அணித்தலைவர்தான். கற்பாவிய சாலைகளில் நடந்த 5-ஆம் கட்டத்தில் சாலைக்கு நடுவே வந்துவிட்ட வைக்கோல் கட்டு ஒன்றால் விழுந்தார். தோள்பட்டை மூட்டு விலகியது. ஓரத்தில் நின்ற ரசிகர் ஒருவரின் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, தானே மூட்டை உள்ளே தள்ளிக்கொண்டு மறுபடி சைக்கிளில் ஏறினார். முதுகெலும்பிலும் முறிவு இருந்தது பிறகுதான் தெரிந்தது. தனக்கு வெற்றி இல்லை என்று ஆன பிறகு, அந்த உடம்போடு கலீபியேவில் பாய்ந்து பாய்ந்து போகச்சாரைக் கரைத்துவிட்டு, அன்றைய ஓட்டத்தைப் பல நிமிடம் பின்னால் முடித்தார். சில நாளில் பந்தயத்திலிருந்தே விலகினார். மஞ்சள் ஜெர்சி வேறொருவர் தோளில். அதில் பாதி ரோக்லிச்சுடையது என்றே நான் நினைக்கிறேன்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து நம்மால் சுமார் 400 முதல் 500 கிராம் மாவுச்சத்தைச் சேமித்துவைக்க முடியும். ஏறத்தாழ 2,000 கலோரி. கடும் வேகத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் அது தீர்ந்துவிடும். கொழுப்பு ஏராளமாக இருக்கிறது. ஆனால் மலையில் பாயும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது. ஆகவே ஓடிக்கொண்டே சாப்பிட்டாக வேண்டும். எண்பதுகளில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் டூர் வீரர்களை அளந்தபோது நாளொன்றுக்குச் சராசரியாக 6,000 கலோரி எரிகிறது என்று கண்டார்கள். கடும் மலை நாட்களில் அதற்கும் மேல். இன்று மணிக்கு 90 முதல் 120 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போகிறது. குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் குடலில் வெவ்வேறு வாசல்கள் வழியாக உடம்புக்குள் நுழைவதால் இரண்டையும் கலந்து கொடுத்தால் கூடுதலாக ஏற்றலாம் என்று தெரிந்த பிறகு வந்த மாற்றம் இது. ஐந்து மணி நேர ஓட்டம் என்றால் ஏறத்தாழ அரைக் கிலோ சர்க்கரை. இதைக் குலுங்கும் வயிறு ஏற்றுக்கொள்ள வேண்டுமே! காலுக்குப் பயிற்சி கொடுப்பதுபோலக் குடலுக்கும் மாதக்கணக்கில் பயிற்சி கொடுக்கிறார்கள். அணியின் சமையல்காரர் காலைச் சோற்றையும் பாஸ்தாவையும் தராசில் நிறுத்துத்தான் தட்டில் வைக்கிறார், ஒவ்வொருவருக்கும் அன்றைய பாதைக்கேற்ப.

இவ்வளவு செய்தும் சில நாளில் உடம்பு ஒத்துழைக்க மறுக்கும். 2023-இல் லா லோஸ் மலையில் அதே போகச்சார் மறுபடி சரிந்தார். நன்றாகச் சாப்பிட்டும் கால்களுக்கு எதுவும் போய்ச் சேரவில்லை என்றுதான் பின்னர் சொன்னார். "நான் போய்விட்டேன், செத்துவிட்டேன்" என்று ரேடியோ கருவியில் அவர் தன் அணியிடம் சொன்னது நேரலையில் கேட்டது. அன்று விங்கெகோரிடம் இழந்தது 5 நிமிடம் 45 விநாடி.

வெயில் இன்னொரு எதிரி. ஜூலை மாதத் தெற்கு பிரான்ஸில் தார்ச்சாலையே உருகும். பெண்கள் அணியும் நைலான் காலுறைகளில் ஐஸ் கட்டிகளை நிரப்பி முடிச்சுப்போட்டு, கழுத்துக்குப் பின்னால் ஜெர்சிக்குள் செருகிக்கொள்கிறார்கள். அது முதுகில் உருகி வழிந்து தீர்ந்ததும் கார் பக்கத்தில் வந்து இன்னொன்றைக் கொடுக்கும். தண்ணீர் பாட்டில்களைக் காரிலிருந்து வாங்கி ஏழெட்டை முதுகுப் பைகளிலும் ஜெர்சிக்குள்ளும் திணித்துக்கொண்டு, கூன் விழுந்தவரைப்போல் மறுபடி கூட்டத்தின் முன்பக்கத்துக்கு ஏறிவருவதற்கென்றே ஒருவர் இருப்பார். அவருக்குப் பெயர் டொமெஸ்டிக். எட்டுப் பேர் கொண்ட அணியில் பெரும்பாலோர் அவர்கள்தான். தலைவருக்குப் பஞ்சர் ஆனால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பார்கள். தலைவர் பின்தங்கினால் நின்று, முன்னால் காற்றை வாங்கிக்கொண்டு கூட்டி வருவார்கள். 1934-இல் இருபது வயது ரெனே வியெத்தோ தன் சக்கரத்தை அணித்தலைவர் அந்தோனன் மாஞுக்குக் கொடுத்துவிட்டு, மாற்றுச் சக்கரத்துக்காகச் சாலையோரக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து அழுத புகைப்படம் பிரான்ஸில் தெரியாதவர் இல்லை. மறுநாளும் மாஞ் சைக்கிள் பழுதாகிவிட, முன்னால் போன வியெத்தோ மலையில் திரும்பி வந்து தன் சைக்கிளையே கொடுத்தார். அந்த டூரை வென்றவர் மாஞ். வியெத்தோ டூரை ஒருபோதும் வெல்லவில்லை.

உதவிக்கு ஆள் இல்லாமல்போனால் என்ன ஆகும் என்பதை 2024 மகளிர் டூரில் பார்த்தோம். மஞ்சள் ஜெர்சியில் இருந்த டெமி ஃபோலரிங் 5-ஆம் கட்டத்தின் இறுதியில் விழுந்தார். அவருடைய அணியின் பிளாங்கா வாஷ் அன்றைய கட்டத்தை வென்றார். ஃபோலரிங் 1 நிமிடம் 47 விநாடி இழந்தார். கடைசி நாள் அல்ப் துவேஸ் மலையில் முடியும் கட்டம். போலந்தின் காஷா நியெவியடோமாவைவிட 1 நிமிடம் 15 விநாடி பின்னால் தொடங்கிய ஃபோலரிங், முந்தைய மலையான கிளாண்டோனிலேயே தாக்கிப் பிரிந்து, கட்டத்தை வென்றார், வென்றவரின் மொத்த நேரத்தில் கழிக்கப்படும் 10 விநாடி போனஸும் பெற்றார். பிறகு கோட்டுக்கு அப்பால் நின்று காத்திருப்பதுதான் மிச்சம். நியெவியடோமா 1 நிமிடம் 1 விநாடி கழித்து வந்து சேர்ந்தார். எட்டுக் கட்டம், 946 கிலோமீட்டர், வித்தியாசம் 4 விநாடி. 5-ஆம் கட்டத்தில் ஓர் அணித்தோழி நின்று அழைத்துவந்திருந்தால் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஓயக்கூடாது என்றே நினைக்கிறேன். அணி என்றால் என்ன என்ற கேள்வி அல்லவா அது.

இனி, உலகத்திலேயே கடினமான விளையாட்டா என்ற கேள்வி. இப்படித் தரவரிசை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. குத்துச்சண்டை வீரர் வாங்கும் அடி ஒரு விதம், மாரத்தான் ஓடுகிறவரின் வேதனை இன்னொரு விதம். டூருக்கு உள்ள தனித்தன்மை மறுநாள்தான். மாரத்தான் ஓடுகிறவர் ஓடி முடித்துவிட்டு வாரக்கணக்கில் ஓய்வெடுக்கிறார். ஓட்டத்தில் ஒவ்வோர் அடியும் தரையில் மோதுவதால் தசை இழைகள் கிழிகின்றன. அதை நாள்தோறும் செய்ய உடம்பு இடம்கொடுக்காது. சைக்கிளில் மோதல் இல்லை. ஆகவே அடுத்த நாளும் அதே உடம்பிடம் அதையே கேட்க முடிகிறது, கேட்கிறார்கள். 23 நாள், அதில் 21 கட்டம், இரண்டே ஓய்வு நாள், சுமார் 3,300 கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு 42 கிலோமீட்டரைத் தொடுகிறது. ஓய்வு நாளிலும் இரண்டு மணி நேரம் மிதிப்பார்கள். மிதிக்காவிட்டால் மறுநாள் கால் கட்டையாகிவிடும். மூன்றாவது வாரத்தில் தூக்கம் கெடும், சளி பிடிக்கும், கையில் மரமரப்பு வரும், பசியே இருக்காது, ஆனாலும் தட்டைக் காலி செய்ய வேண்டும்.

இதில் மெதுவாகப் போய்த் தப்பிக்கவும் வழியில்லை. வென்றவரின் நேரத்தை வைத்து ஒவ்வொரு நாளும் ஒரு கெடு நிர்ணயிக்கப்படும். அதைத் தாண்டி வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சமவெளியில் கடைசிச் சில நூறு மீட்டரில் பாய்ந்து வெல்லும், ஆனால் மலையில் தேறாத கனமான ஸ்பிரிண்டர்கள் பின்னால் ஒரு கூட்டமாகச் சேர்ந்து, கெடுவை விநாடிக் கணக்கில் கணக்கிட்டு, ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு வருவார்கள். பந்தயத்தின் முன்பக்கம் மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தப் பின்பக்கப் பந்தயம் தெரிவதே இல்லை. எனக்கு மிகப் பிடித்த பகுதி அது. 2024 டூரின் முதல் நாளே இத்தாலிய வெயிலில் 39 வயது பிரிட்டன் ஸ்பிரிண்டர் மார்க் கேவண்டிஷ் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார். அணித்தோழர்கள் சுற்றி நின்று தண்ணீரை ஊற்றி, காற்றை மறைத்து, கெடுவுக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். நான்கு நாள் கழித்து சான் வுல்பா என்ற ஊரில் அவர் ஸ்பிரிண்டில் வென்றார். அது அவருடைய 35-ஆவது டூர் கட்ட வெற்றி. பெல்ஜிய ஜாம்பவான் எடி மெர்க்ஸோடு பகிர்ந்திருந்த 34 என்ற சாதனையை அது முறியடித்தது.

உடம்புக்குக் கெடுதலா என்றும் கேட்பார்கள். பாதி ஆம். எடை தாங்காத உழைப்பு என்பதால் சைக்கிள் வீரர்களின் எலும்பு அடர்த்தி குறைகிறது. விழுந்தால் கழுத்துப்பட்டை எலும்பு எளிதில் முறிகிறது. இதயம் மட்டும் பெரிதாகி வலுக்கிறது. ஓய்வில் நிமிடத்துக்கு நாற்பதைச் சுற்றித் துடிக்கும் இதயங்கள் இங்கே சாதாரணம். 1947-க்கும் 2012-க்கும் இடையில் டூரில் ஓடிய 786 பிரெஞ்சு வீரர்களை ஆராய்ந்து 2013-இல் வெளிவந்த கட்டுரை, சம வயதுப் பிரெஞ்சு ஆண்களைவிட இவர்களின் மரண விகிதம் 41 சதவீதம் குறைவு என்று காட்டியது.

ஆனால் சாலை அப்படி இரக்கம் காட்டுவதில்லை. இறக்கங்களில் மணிக்கு 90, 100 கிலோமீட்டர் வேகம். உடம்பில் மெல்லிய துணி. 1995-இல் ஃபாபியோ கசார்தெல்லி, 2023-இல் சுவிட்சர்லாந்தின் ஜீனோ மேடர். இருவரும் இறக்கத்தில் விழுந்து இறந்தார்கள். மேடருக்கு வயது 26. தலைக்கவசம் கட்டாயமானதே 2003-இல்தான், அதுவும் ஆந்திரே கிவிலியேவ் இறந்த பிறகு. ஒவ்வொரு விதியும் ஒரு சாவுக்குப் பின்னால் வருவதை நான் ஏற்கவில்லை. ஆபத்தான இறக்கத்தின் அடியில் முடிவுக்கோட்டை வைப்பதைப் பந்தய அமைப்பாளர்கள் இனியாவது நிறுத்த வேண்டும். துணிச்சலைப் பார்க்க ஏற்றங்களே போதும்.

ஊக்கமருந்தைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதில் நேர்மையாகாது. 1967-இல் மோன் வாந்தூ மலையில் டாம் சிம்ப்சன் வெயிலிலும் ஆம்ஃபெட்டமினிலும் சுருண்டு இறந்தார். 1999 முதல் 2005 வரை லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் பெற்ற ஏழு பட்டங்களும் 2012-இல் பறிக்கப்பட்டன. அந்த ஏழு ஆண்டுகளின் இடம் இன்றும் காலியாகவே இருக்கிறது. 2008 முதல் ஒவ்வொரு வீரரின் ரத்த அளவீடுகளையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பதிந்துவைத்து, இயல்பை மீறிய மாற்றத்தைப் பிடிக்கும் முறை வந்திருக்கிறது. இன்றைய வேகங்களைச் சந்தேகத்தோடு பார்ப்பவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஏமாந்த வரலாறு அவ்வளவு நீளமானது. ஆனால் கெடுவுக்குள் வந்துசேரப் போராடும் கடைசி ஆளின் வேதனையை எந்தப் புகாரும் பொய்யாக்கிவிடாது.

இவ்வளவுக்கும் பார்ப்பதற்கு டிக்கெட் கிடையாது. 1903-இல் லோட்டோ என்ற பத்திரிகை விற்பனையைக் கூட்டுவதற்காகத் தொடங்கிய பந்தயம் இது. அன்று முதல் சாலையே மைதானம். மலைவளைவில் முந்தைய நாளே கூடாரம் போட்டு, சாலையில் பெயிண்டால் பெயர் எழுதி, கைக்கெட்டும் தூரத்தில் உலக சாம்பியனின் மூச்சிரைப்பைக் கேட்டுவிட்டுப் போகலாம். வேறு எந்தப் பெரிய விளையாட்டில் அது முடியும்?

பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. முதல் வாரத்தின் சமவெளிக் கட்டங்களை முழுதாகப் பார்த்துப் பொறுமை இழக்க வேண்டாம். கடைசி முப்பது கிலோமீட்டர் போதும். மலையுச்சியில் முடியும் ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, கடைசிக்கு முந்தைய மலையின் அடிவாரத்திலிருந்து உட்காருங்கள். மஞ்சள் ஜெர்சியை மட்டும் பார்க்காதீர்கள். அவருக்கு முன்னால் அவருடைய அணிக்காரர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். நால்வர் மூவராகி, மூவர் ஒருவராகும்போது, எதிரணியில் இன்னும் மூவர் இருந்தால், அடுத்த அரை மணி நேரத்தில் என்ன நடக்கும் என்பதை வர்ணனையாளருக்கு முன்பே உங்களால் சொல்லிவிட முடியும். உங்கள் மகனிடம் கேளுங்கள். அவனும் அதைத்தான் எண்ணிக்கொண்டிருப்பான்.